அசையாத முள்



சென்ற இதழில் தையல் மெஷினின் இறுகிப்போன ஆணிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் ஒரு பழைய காரின் பெற்றோல் மீற்றரைப் பற்றி எழுதப் போகிறேன். "எங்கள் வீட்டில் சைக்கிளே ஒன்றுதான் இருக்கிறது, எங்களுக்கு ஏன் காரின் கதை?" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இறுகிப்போன பொருளொன்றை உடைக்காமல் கழற்றும் விதம் எல்லாப் பொருளுக்கும் பொதுவானது. பழைய சுவர்க் கடிகாரத்துக்கும், மின்சார மீற்றர்ப் பலகைக்கும், உம்மா காலத்து அலுமாரிப் பூட்டுக்கும் இதே முறைதான் பயன்படும்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ்ப்பாணம் போயிருந்தேன். என் சாச்சா அங்கே திரும்பிச் சென்று சிறிய கடையொன்று வைத்திருக்கிறார். ஒருநாள் பின்னேரம் ஓர் இளைஞன் கடைக்கு வந்து, "நீங்கள் தானே மெக்கானிக் நானாவின்ரை மகன்? தாத்தா உங்களை ஒருக்கா நீர்வேலிக்கு வரச் சொன்னவர்" என்றான். அவன் சொன்ன நானா என் வாப்பா. 1990க்கு முன்னர் ஐந்து சந்திப் பக்கம் சிறிய கராஜ் ஒன்று வைத்திருந்தவர்.

குச்சியும் முள்ளும்

நீர்வேலி யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் வீதியில், கோப்பாய்க்கு அடுத்த ஊர். செம்மண் பூமி. வாழைக்குலைக்குப் பெயர்போன இடம். வீதியின் இரு பக்கமும் கதலியும் இதரையும் கப்பலும் நின்று காற்றுக்கு ஆடும். அந்தத் தோட்டங்களுக்கிடையில், கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் நின்றது அந்தக் கார். ஒஸ்ரின் ஏ 40 சோமர்செட்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உருண்ட முதுகும் உருண்ட மூக்குமாக ஊரெல்லாம் வாடகைக்கு ஓடிய வண்டி. இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மட்டுமே உற்பத்தியானது. 1200 சீ.சீ. எஞ்சின். கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றியதும் இதுதான், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இதுதான்.

பெரியவருக்கு எண்பதுக்கு மேல் வயது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, முகம் அப்பிடியே நானாவின்ரை முகம்" என்றார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து டாஷ்போட்டைக் காட்டினார். வட்டமான பெற்றோல் மீற்றர் ஒன்று இருந்தது. முள் வெறுமை என்ற எழுத்துக்கும் கீழே படுத்துக் கிடந்தது.

"இது உங்கட வாப்பா வைச்சது. காரோட வந்த மீற்றர் பழுதாய்ப் போச்சு. 84இலை வேறையொரு வண்டியின்ரை மீற்றரையும் தாங்கிக்குள்ள போடுற மிதவையையும் தேடிக் கொண்டுவந்து பூட்டினவர். கொஞ்சக் காலம் நல்லா வேலை செய்தது. பிறகு படுத்திட்டுது."

"இவ்வளவு காலமும் எப்படி ஓட்டினீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே இருக்கைக்குக் கீழிருந்து ஒரு மெல்லிய பூவரசங் குச்சியை எடுத்தார். அதில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. தாங்கியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டு, நனைந்த கோட்டைப் பார்த்து எத்தனை லீற்றர் என்று சொல்லிவிடுவார்.

"எனக்குக் குச்சி காணும் தம்பி. பேரனுக்கு முள் வேணும். ரெண்டு தரம் செம்மணி வெளியிலை பெற்றோல் இல்லாமல் நிண்டிட்டான்."

பேரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஏற்கெனவே ஒரு புதிய மீற்றரை வாங்கி வைத்திருந்தான். பழையதை எடுக்க முயன்றிருக்கிறான். அது வரவில்லை. திருப்புளியைக் கொடுத்து நெம்பப் போனபோது பெரியவர் தடுத்து, "நானாவின்ரை ஆக்கள் ஆரும் இருந்தால் கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

மண்ணெண்ணெய் ஆண்டுகள்

கதையைத் தொடருமுன் இளம் வாசகர்களுக்காக ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டது. பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. மின்சாரமும் நின்றது. அப்போது இந்தப் பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். இது யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பிறந்த வித்தை அல்ல. அக்காலத்தில் இங்கிலாந்தின் வயல்களில் உழுத பெர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இவ்வாறே பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்டிருந்தது. சோமர்செட் போன்ற வண்டிகளின் எஞ்சின் காற்றை அதிகம் அழுத்துவதில்லை. அதனால்தான் அது தரங்குறைந்த எண்ணெயையும் தாங்கிக்கொண்டது. இன்றைய எஞ்சினுக்கு அதை ஊற்றினால் தட்டித் தட்டி நின்றுவிடும். ஆனாலும் ஒஸ்ரினுக்கும் அது நல்லதாக இருக்கவில்லை. பிளக்கில் கரி பிடித்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்தது. அழுக்கான எண்ணெய் தாங்கியின் அடியில் பிசின்போல் படிந்தது. இந்தப் பிசினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாம மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பெரியவரும் இந்தக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உள்ளே அவருடைய தாயார், மனைவி, மூன்று பிள்ளைகள், அரிசி மூட்டை. மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் வரை மனிதத் தலைகள்தான்.

"தாங்கியிலை எவ்வளவு கிடக்கெண்டு தெரியாது தம்பி. அண்டைக்குக் குச்சி வீட்டிலை விடுபட்டுப் போச்சு. எஞ்சினை நிப்பாட்டி நிப்பாட்டித் தள்ளிக்கொண்டு போனனாங்கள். அம்மா ஒவ்வொரு தரமும் கேட்கிறா, எண்ணெய் காணுமோ எண்டு. நான் காணும் எண்டு சொன்னன். எனக்கும் தெரியாது."

எண்ணெய் போதுமாக இருந்தது. 1996இல் திரும்பி வந்தார்கள். காரும் திரும்பி வந்தது.

அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவில், இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வாப்பா கராஜைப் பூட்டினார். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே புத்தளம் வரை வந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

முதலில் சோதனை, பிறகு ஸ்பானர்

முள் அசையவில்லை என்றவுடன் மீற்றர்தான் பழுது என்று முடிவு செய்வது பலரும் விடும் பிழை. மீற்றர் செய்தியைச் சொல்கிறது, அவ்வளவுதான். செய்தி தாங்கியிலிருந்து வருகிறது. தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. பெற்றோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் கை ஒரு கம்பிச் சுருளின்மேல் நகர்ந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். அதற்கேற்ப முன்னாலுள்ள முள் அசையும். ஆகவே பழுது மூன்று இடங்களில் இருக்கலாம்: மீற்றரில், மிதவையில், அல்லது இரண்டையும் இணைக்கும் வயரில்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். திறப்பை நிறுத்திவிட்டு, தாங்கியிலுள்ள மிதவை வயரைக் கழற்றுங்கள். அதன் நுனி எதிலும் படாமல் இருக்கட்டும். இப்போது திறப்பைப் போட்டு முள்ளைப் பாருங்கள். பிறகு திறப்பை நிறுத்தி, அந்த நுனியைக் காரின் வெறும் இரும்பில் இறுக்கிக் கட்டி, மீண்டும் திறப்பைப் போடுங்கள்.

1960களின் நடுப்பகுதிக்கு முந்திய பிரித்தானிய வண்டிகளின் மீற்றரில் இரண்டு சுருள்கள் இருக்கும். திறப்பைப் போட்டதும் முள் சட்டென்று துள்ளும். இந்த வகையில் வயர் கழன்றிருந்தால் முள் நிறைவுக்குப் போகும், இரும்பில் பட்டால் வெறுமைக்கு வரும். பிந்திய வகையில் முள் மெதுவாக நகரும். அதில் எல்லாம் தலைகீழ். வயர் கழன்றால் வெறுமை, இரும்பில் பட்டால் நிறைவு. இந்த இரண்டாம் வகையில் வயரை இரும்போடு நீண்ட நேரம் வைத்திருக்கக் கூடாது. மீற்றர் சூடாகிக் கெட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு விடயம் விளங்கும். ஒரு வகையின் மீற்றரை மற்ற வகையின் மிதவையோடு சேர்த்தால் அது பொய்தான் சொல்லும். பேரன் வாங்கி வைத்திருந்த புதிய மீற்றர் அப்படிப்பட்டதே. வாப்பா 84இல் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து சோடியாக எடுத்து வந்ததன் காரணமும் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. வயரைத் தொடுவதும் எடுப்பதும் எப்போதும் திறப்பை நிறுத்தியபின்தான். சிறு தீப்பொறிகூடத் தாங்கிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது. தாங்கியின் மூடி மூடியிருக்க வேண்டும். கொட்டிலுக்குள் அல்ல, வெளியில் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிள்ளைகள் அருகில் வரக்கூடாது.

நாங்கள் காரை மாமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டுவந்து இரண்டு சோதனையையும் செய்தோம். முள் இரண்டிலும் அசையவில்லை. ஆகவே முதற் பழுது முன்னால் இருந்தது. டாஷ்போட்டுக்குக் கீழே தலையை நுழைத்து, ரோச் லைற்றும் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியும் கொண்டு பார்த்தேன். மீற்றரின் பின்னால் வயர் பூட்டும் ஆணிகளில் பச்சைக் களிம்பு பிடித்து, ஆணியே தெரியவில்லை. மீற்றரை வெளியே எடுக்காமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது.

பின்பக்கத்தைப் பாருங்கள்

இங்கே என் சொந்தப் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபது வயதிருக்கும். புத்தளத்தில் வாப்பா வீட்டு முற்றத்திலேயே சிறு சிறு திருத்த வேலைகள் செய்துவந்தார். ஒருவர் தம் பழைய காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். வாப்பா லுஹருக்குப் போயிருந்த நேரத்தில், அவர் வருமுன் மீற்றரைக் கழற்றிக் காட்டுவோம் என்று நினைத்து, முன்பக்க வெள்ளி வளையத்துக்குள் திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். வளையம் வளைந்தது. கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. கண்ணாடித் துண்டு விழுந்து முள்ளும் முறிந்தது. அப்படியொரு மீற்றரை அன்று புத்தளத்தில் எங்கே தேடுவது?

வாப்பா வந்து பார்த்தார். ஏசவில்லை. "வைச்சவன் எப்பிடி வைச்சான் எண்டு பார்த்திட்டா கழட்டினா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் தேடி, தம் பணத்திலேயே வேறொன்று வாங்கிப் பூட்டிக் கொடுத்தார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை உம்மா அறிவார்.

வட்டமான இந்த மீற்றர்கள் முன்பக்கத்தால் உள்ளே செலுத்தப்பட்டு, பின்பக்கத்தில் 'ப' வடிவத் தகடு ஒன்றினால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். தகட்டை இரண்டு சிறிய நட்டுகள் இறுக்கும். ஆகவே பின்னாலுள்ள நட்டைக் கழற்றாமல் முன்னால் நெம்பினால் உடைவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலையின் ஒழுங்கு இது.

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய வழக்கத்துக்கு எதிர்மாறாக. எதுவானாலும், உடலோடு இணைந்த வயரை முதலில் எடுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு வயருக்கும் கடதாசித் துண்டில் பெயர் எழுதிக் கட்டுங்கள். வழமையாக மின்சாரம் வரும் வயர் பச்சை, தாங்கிக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு. ஆனால் பழைய வண்டியில் நிறத்தை நம்பாதீர்கள். வாப்பா அன்று கையில் கிடைத்த கறுப்பு வயரையே எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார்.

மூன்றாவதாக, நட்டுகளுக்கு ஒவ்வொரு துளி துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். எண்ணெய் மீற்றருக்குள் போகக் கூடாது. நட்டோடு ஆணியும் சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளேயுள்ள மயிரிழை போன்ற கம்பி அறுந்துவிடும். ஆணியின் நுனியைச் சிறு குறட்டால் பிடித்துக்கொண்டுதான் நட்டைச் சுழற்ற வேண்டும்.

மறுநாள் காலை போனேன். நட்டுக்கு ஏற்ற ஸ்பானர் என்னிடம் இருக்கவில்லை. மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்று தளர்ந்தது, மற்றது நுழையவில்லை. பிரித்தானியக் கருவிகளின் சிறிய ஆணிகளுக்கு பி.ஏ. என்றொரு தனி அளவு உண்டு. பிரித்தானிய விஞ்ஞானச் சங்கம் 1884இல் சிபாரிசு செய்த அளவு அது. அதன் பூச்சியம் இலக்க ஆணி 6 மில்லிமீற்றர் தடிப்பு. இலக்கம் கூடக் கூட ஆணி சிறுக்கும். பொருந்தாத ஸ்பானரைப் போட்டு நட்டின் மூலைகளைத் தேய்த்துவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆகவே யாழ்ப்பாணத்துக் கடைகளில் தேடிப் பார்ப்போம் என்று எழுந்தேன்.

பெரியவர், "கொஞ்சம் நில்லுங்கோ தம்பி" என்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய சிறிய ஸ்பானர் ஒன்று.

"90ஆம் ஆண்டு சித்திரையிலை நானா கடைசியா இந்தக் காரிலை கை வைச்சவர். அண்டைக்கு இது இருக்கைக்குள்ள விழுந்து கிடந்திருக்கு. அடுத்த முறை வரேக்கை குடுப்பம் எண்டு எடுத்து வைச்சனான். அடுத்த முறை வரேல்லை."

இரு பக்கமும் இரு அளவு. துருப்பிடிக்கவில்லை. 33 ஆண்டுகளாக யாரோ அதற்கு எண்ணெய் பூசி வந்திருக்கிறார். தென்மராட்சிக்கும் போய் வந்திருக்கிறது. நட்டில் வைத்தேன். அளவாகப் பிடித்தது.

இறுகிய வளையம்

நட்டுகள் கழன்றன. 'ப' தகடும் கையோடு வந்தது. ஆனால் மீற்றர் அசையவில்லை. பேரன் என்னைப் பார்த்தான், பிறகு திருப்புளியைப் பார்த்தான்.

"வைச்சவன் எப்பிடி வைச்சான்?" என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வேறொரு வண்டியின் மீற்றர். டாஷ்போட்டின் துளை இதற்கென்று வெட்டப்பட்டதல்ல. துளை சற்றுப் பெரிதாக இருந்திருக்கும். வாப்பா என்ன செய்திருப்பார்? இடைவெளிக்கு ரப்பர் வைத்திருப்பார். ரப்பர் நழுவாமல் இருக்கச் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலுசன் பூசியிருப்பார். 39 வருட வெயிலில் அது கல்லாகிப்போயிருக்கும்.

இப்படி ரப்பரோடு ஒட்டிப்போனதற்கு இழுப்பது மருந்தல்ல, இளக்கி அறுப்பதே மருந்து. துவாயைச் சுடுநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, வளையத்தைச் சுற்றி வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள். நாலைந்து முறை செய்தால் பசை இளகத் தொடங்கும். நீர் சொட்டக் கூடாது, கண்ணாடியில் நேரடியாகக் கொதிநீர் படவும் கூடாது, வெடித்துவிடும். பசையைக் கரைக்கப் பெற்றோலைப் பாவிக்கவே வேண்டாம். நெருப்பும் வரும், பெயின்றும் போகும்.

பிறகு மீன்பிடிக்கும் தங்கூசியில் ஒரு முழம் எடுங்கள். இரு நுனிகளையும் சிறு குச்சிகளில் சுற்றிக்கொண்டு, வளையத்துக்கும் டாஷ்போட்டுக்கும் இடையில் நுழைத்து, அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் மெதுவாக இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், அது பெயின்றைக் கீறும். தங்கூசி அறுந்தால் வேறொன்று எடுங்கள். ஒரு சுற்று முழுவதும் வந்தபின், ஒருவர் பின்னாலிருந்து இரு பெருவிரல்களாலும் சமமாகத் தள்ள, மற்றவர் முன்னால் உள்ளங்கையை ஏந்திக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. தங்கூசியைப் பேரன்தான் இழுத்தான். நான் பின்னாலிருந்து தள்ளினேன். பெரியவர் தம் இரு கைகளையும் முன்னால் ஏந்திக்கொண்டு நின்றார். மீற்றர் அவருடைய கையில் முழுசாக வந்து இறங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

துளையின் ஓரத்தில் நான் நினைத்தது இருந்தது. சைக்கிள் ரியூபை வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம். மேல் வளையத்தில் ரியூபின் பெயரில் பாதி எழுத்து தெரிந்தது. கத்தரிக்கோலால் வெட்டியது என்று சொல்ல முடியாதபடி அவ்வளவு வட்டம். நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாப்பா 2004இல் மௌத்தானார். அவர் செய்த வேலையென்று கையில் தொட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை.

தாங்கிக்குள்

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களிம்பை மெல்லிய மண்கடதாசியால் தேய்த்து எடுத்தோம். மீற்றரின் உடல் டாஷ்போட் இரும்போடு சேரும் இடத்தையும் வெறும் இரும்பு தெரியச் சுத்தம் செய்தோம். மீற்றருக்கு அந்த வழியாகவே மின்சாரம் திரும்பிப் போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வயர்களைப் பூட்டி, பற்றரியை இணைத்து, திறப்பைப் போட்டதும் முள் துள்ளி எழுந்தது. பேரன் கைதட்டினான்.

ஆனால் எழுந்த முள் மீண்டும் வெறுமையில் போய் நின்றது. பெரியவர் குச்சியை விட்டுப் பார்த்து, "பத்து லீற்றர் கிடக்கு" என்றார். குச்சிக்கும் முள்ளுக்கும் வழக்கு. மறுபடியும் தாங்கிப் பக்கத்து வயரைக் கழற்றிச் சோதித்தோம். முள் நிறைவுக்குப் போனது. ஆக மீற்றர் சரி, வயர் சரி, குச்சி சொன்னதே உண்மை. இரண்டாவது பழுது தாங்கிக்குள் இருந்தது.

பெற்றோலை முழுவதும் இறக்கி, தூரத்தில் மூடி வைத்துவிட்டு, மிதவையின் திருகுகளைக் கழற்றி எடுத்தோம். வெறுமையான தாங்கி ஆபத்தில்லை என்று எண்ணாதீர்கள். நிறைந்த தாங்கியைவிட அதுவே ஆபத்தானது, உள்ளே ஆவி நிறைந்திருக்கும். சிகரட், அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

மிதவையின் கை, நான் முன்னர் சொன்ன அந்தப் பிசினில் ஒட்டிக் கிடந்தது. தக்கையும் எண்ணெய் குடித்துப் பாரமாகியிருந்தது. மண்ணெண்ணெய் ஆண்டுகளின் பிசின் இத்தனை காலமாக அங்கே இருந்திருக்கிறது. கையைச் சுத்தம் செய்து, தக்கையை மூன்று நாள் நிழலில் காயவைத்து, தச்சுப்பட்டறையில் பூசும் அரக்கு வார்னிஷை இரண்டு தடவை பூசினோம். கம்பிச் சுருள் அறுந்திருக்கவில்லை. நான்காம் நாள் எல்லாவற்றையும் பூட்டி, ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் பெரியவர் குச்சியைப் பார்த்துச் சொல்ல, பேரன் முள்ளைப் பார்த்துச் சொன்னான். கடைசி இரண்டு தடவையும் இருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

வாப்பாவின் வளையம் காய்ந்து வெடித்திருந்ததால் மீண்டும் போட முடியவில்லை. அதே அளவில், அதேபோல் இரண்டு வளையம் புதிய ரியூபில் வெட்டினேன். அவ்வளவு வட்டமாக வரவில்லை. சொலுசன் பூசவில்லை. அடுத்து கழற்றுகிறவருக்குச் சிரமம் வேண்டாம்.

புதிய மீற்றரைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளுக்கு விலை ஏறியது நாம் அறிந்ததே. தனியார் வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த இடைக்காலத்தில் பழையதைப் புதுப்பிக்கிறேன் என்று பலர் நல்ல கருவிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 2022இல் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டபோதுதான், தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிவது எத்தனை பெரிய விடயம் என்று புதுத் தலைமுறைக்கும் விளங்கியது. பெரியவருக்கு அது 1995இலேயே தெரியும்.

புறப்படும்போது ஸ்பானரைத் துடைத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நானாவின்ரை சாமான் தம்பி. நான் வைச்சிருந்தனான், அவ்வளவுதான். ஆள் வந்திட்டுது, குடுத்திட்டன்."

எங்கள் பேச்சில் இதற்கு அமானிதம் என்று பெயர். பெயர் தெரியாமலே அதைக் காத்தவர் அவர். காரின் பின்னிருக்கையில் ஒரு கதலிக் குலையை ஏற்றிவிட்டு, பேரன்தான் என்னை யாழ்ப்பாணம் வரை கொண்டுவந்து விட்டான். வழியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்தான். "வீதியைப் பார்த்து ஓட்டு தம்பி" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இம்மாதப் பாடத்தை மூன்று வரியில் சொல்லி முடிக்கிறேன். பழுது எங்கே என்று சோதிக்காமல் எதையும் கழற்றாதீர்கள். கழற்றுமுன் அது எப்படிப் பூட்டப்பட்டது என்று பின்பக்கத்தைப் பாருங்கள். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

உங்கள் வீட்டில் இறுகிக் கிடக்கும் பொருள் ஏதும் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் வாசகி ஒருவர் கேட்டிருக்கும் பழைய இரும்புப் பெட்டியின் பூட்டைப் பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.